அடுத்த சோதனை நாள்

பிறந்த வருடத்தை எழுத விடவில்லை,
உருட்டச் சொல்கிறது.
இந்த வருடத்திலிருந்து கீழே இழுக்கிறேன்.
மகள் கிங்கா பிறந்தது, நான் வேலையில் சேர்ந்தது,
அப்பா முதல் கார் வாங்கியது
எல்லாம் மேலே போய் மறைய
எழுபத்து மூன்றில் நிற்கும்போது
விரலில் லேசாக வலி.

முன்பு பார்த்த வேலைகளுக்கு ஐந்து கட்டங்கள்.
எனக்கு ஒன்று போதும்.
மற்றதைக் காலியாக விட்டால் போகமாட்டேன் என்கிறது படிவம்.
நான்கிலும் ஒரு கோடு போட்டேன்.

இருபத்தாறு வருடம், போஸ்னான் நகரில்
தராசு சரிபார்ப்பவள்.
கறிக்கடை, நகைக்கடை, மருந்துக் கிடங்கு,
வார்த்தா ஆற்றங்கரையில்
நிலக்கரி லாரிகள் ஏறி நிற்கும் மேடை.
பெட்டிக்குள் எடைக்கற்கள்.
ஒரு கிராம் கல்லை விரலால் தொடக் கூடாது,
இடுக்கியால்தான்.
தொட்டவரின் பிசுக்கும் கணக்கில் வந்துவிடும்.

"முதல் பத்து வருடத்தை வெட்டிவிடு அம்மா,
வயது தெரிகிறது," என்றாள் கிங்கா.
வெட்டினேன்.
அதில்தான் இருந்தார்
தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய மீன்காரர்.
யெஜிட்ஸே சந்தையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்
என் கையில் ஒரு கெண்டைமீனைத் திணித்தார்.
நான் அதை அவர் தராசிலேயே வைத்து
எண்பது கிராம் கூடுதல் என்று குறித்துக்கொண்டேன்.

ஏன் விலகினீர்கள் என்று கேட்டால்?
மூன்று பதில்கள் தயாரித்தோம்.
புதிய சவால்கள். புதிய சூழல்.
மூன்றாவது எனக்கே மறந்துவிட்டது.
நடந்தது அவ்வளவு நீளம் இல்லை.
நிறுவனம் கைமாறியது.
இனி நீங்கள் போக வேண்டாம்,
கடைக்காரரே படம் எடுத்து அனுப்புவார்,
கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார்கள்.
போட்டேன்.
பதினொரு முறை.
பன்னிரண்டாவதில் பேனாவை மூடி வைத்தேன்.
அந்தப் பதினொன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அக்டோபரில் ஒரு பார்சல் கிடங்கு கூப்பிட்டது.
டிராமின் கடைசி நிறுத்தம்,
அப்புறம் சேற்றில் பத்து நிமிடம்,
இரண்டு முறை வழி தவறி.
திமோன் என்ற பையன். புதுச் சட்டை,
கையில் இன்னும் விலைச்சீட்டின் நூல்.
ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
ஐம்பத்தேழில், என்றேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டான்.

ஆளை எடை போடுவது என்கிறோம்.
வெறும் தட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று
யாரும் முதலில் பார்ப்பதில்லை.

அவன் தலைக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால்
பெல்ட் தராசு ஓடிக்கொண்டிருந்தது.
அதன் காலில் பச்சைச் சீட்டு.
கேள்விக்கு நடுவே எழுந்து போய்க் குனிந்தேன்.
என் கையெழுத்து.
அடுத்த சோதனை நாள்: போன மார்ச்.
தேதியை வைத்து எண்ணிப் பார்த்தேன்.
பதினொன்றில் மூன்றாவது.
அதனால்தான் வழி தெரியவில்லை எனக்கு.

"இது தப்பாகக் காட்டலாம்."
"யார் சொன்னது?"
"கையெழுத்துப் போட்டவள்."

பெல்ட்டை நிறுத்தச் சொன்னேன்.
காபி அறையில் சர்க்கரை இருக்குமா, பிரிக்காத பாக்கெட்?
நான்கு கொண்டு வந்தான்.
இரவுப் பணிக்காரர்கள் இருவர் கையுறையோடு வந்து நின்றார்கள்.
ஒவ்வொன்றாக வைத்தேன்.
நான்கு கிலோ முன்னூறு.
திமோன் பாக்கெட்டைத் திருப்பி
அச்சிட்டிருந்த எடையைப் படித்தான்,
மறுபடி எண்ணைப் பார்த்தான்,
மறுபடி பாக்கெட்டை.
இத்தனை நாளும் எல்லோரிடமும்
கூடுதலாக வாங்கியிருக்கிறோமா, என்றான்
அந்த இருவருக்கும் கேட்காத குரலில்.

தகவல் சொல்கிறோம் என்பதையும் அதே குரலில் சொன்னான்.

வேலை கிடைத்ததா என்று போனில் கிங்கா.
தெரியவில்லை.
கோட்டுப் பையில் பழைய இடுக்கி,
அதைத் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.
சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து
நினைவிலிருந்து முகவரிகளை எழுதினேன்,
விண்ணப்பங்களின் பட்டியலுக்குப் பின்பக்கத்தில்.
இன்னும் பத்து இடம்.
டிராம் பாஸ் மாதக் கடைசி வரை செல்லும்.